நெருப்பு வரும் பின்னே, சூடு வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மின்சாரத்தால் மூளும் நெருப்புக்கும் அப்படி ஒரு மணி உண்டு. அதுதான் சூடு. பெரும்பாலான மின்சார விபத்துகளில் நெருப்புப் பற்றுவதற்குப் பல நாள் முன்பாகவே, சில சமயம் பல மாதம் முன்பாகவே, எங்கோ ஓர் இணைப்பு சூடாகத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாது. காதுக்கும் கேட்காது. ஆனால் அதைப் படம் பிடித்துக் காட்ட இன்று ஒரு காமிரா இருக்கிறது. அதற்குப் பெயர் வெப்பக் காமிரா. தொழிற்சாலைகளில் 'தெர்மல் காமிரா' என்று சொல்வார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதுகிறவன் இன்ஜினீயர் அல்ல. ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். அந்தக் காமிரா எடுத்த படம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. அதை ஒழுங்காகப் பதிவு செய்து கோப்பில் வைத்தேன். அதன் பிறகு நடந்ததையும் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நெற்றியில் வைத்த துப்பாக்கி

2020-ம் ஆண்டு கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அலுவலக வாசலிலும் கடை வாசலிலும் காவலாளி துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நம் நெற்றிக்கு நேரே நீட்டுவார். உடம்பைத் தொடாமலே எத்தனை டிகிரி சூடு என்று அது காட்டும். வெப்பக் காமிராவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், துப்பாக்கிக் கருவி ஓரிடத்துச் சூட்டை மட்டுமே சொல்லும். வெப்பக் காமிராவோ ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சூட்டைச் சொல்லும். நீளவாட்டில் 160, உயரவாட்டில் 120 புள்ளிகள் கொண்ட சாதாரணக் காமிரா என்றால் மொத்தம் 19,200 புள்ளிகள். பத்தொன்பதாயிரம் தெர்மாமீட்டர்களை வரிசையாக அடுக்கி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தனை அளவுகளையும் வண்ணமாக மாற்றித் திரையில் படமாகக் காட்டுகிறது. குளிர்ந்த இடம் கருநீலம், சூடான இடம் மஞ்சள், மிகச் சூடான இடம் வெள்ளை என்று ஒரு வகை. சிவப்பில் காட்டுவது இன்னொரு வகை. இந்த வண்ணங்கள் உண்மையான நிறங்கள் அல்ல. நமக்குப் புரிவதற்காகக் காமிரா பூசிக் காட்டுகிற நிறங்கள்.

சிவப்புக்கு அப்பால்

இந்தக் கதை 1800-ம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. வில்லியம் ஹெர்ஷல் என்ற வானவியல் அறிஞர் அங்கே இருந்தார். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தினால் அது வானவில் நிறங்களாகப் பிரியும் அல்லவா? அந்த நிறங்களில் எதற்கு எவ்வளவு சூடு என்று அறிய அவர் விரும்பினார். ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு கூடியது. சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தார். அங்கேதான் சூடு அதிகமாக இருந்தது!

கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே விழுகிறது என்பது அப்போது தெரிந்தது. அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். உலகில் உள்ள எல்லாப் பொருளும், பனிக்கட்டி உட்பட, தன் சூட்டுக்கு ஏற்றபடி இந்தக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏறக் கதிரும் கூடும். அந்தக் கதிரை அளந்தால் சூட்டைச் சொல்லிவிடலாம். வெப்பக் காமிராவின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் ரகசியம் தெரிந்த பிறகும் காமிரா கைக்கு வர 160 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மின்கம்பிகளைச் சோதிப்பதற்கென்று ஸ்வீடனைச் சேர்ந்த ஆகா நிறுவனம் 1965-ல் ஒரு வெப்பக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துக் காமிராக்களின் உட்பகுதியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்! தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிற காரியமா அது? பிறகு 1980-களில் அமெரிக்காவில் ராணுவத்துக்காகக் குளிர்விப்பே தேவையில்லாத சில்லுகளை உருவாக்கினார்கள். 1990-களில் அவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. அதன் பிறகுதான் கருவி சிறுத்தது, விலையும் இறங்கியது. இன்று கையில் பிடிக்கிற டார்ச் விளக்கு அளவில் கிடைக்கிறது. செல்போனில் செருகிக்கொள்ளும் வகையும் உண்டு. தொழிற்சாலைச் சோதனைக்கு உகந்த நல்ல காமிரா என்றால் விலை லட்சக்கணக்கில் போகும்.

பியூஸ் போகாத ஆபத்து

"எங்கள் கட்டிடத்தில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம். ஏதாவது என்றால் அதுவே விழுந்துவிடும்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பியூஸ் போவதும் எம்.சி.பி. விழுவதும் மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான். இணைப்பு தளர்ந்திருந்தால் மின்னோட்டம் கூடாது. வழக்கமாக ஓடும் அதே மின்சாரம்தான் ஓடும். ஆனால் தளர்ந்த இடத்தில் அதற்கு வழி குறுகலாக இருக்கும். தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டம் மாலை நேரத்தில் படியருகே வந்து நெருக்குவது போல, மின்சாரம் அந்த ஓரிடத்தில் நெருக்கப்படுகிறது. அங்கே சூடு பிறக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஓர் இணைப்பில் தடை ஓமில் நூற்றில் ஒரு பங்குதான் என்று வைப்போம். 50 ஆம்பியர் ஓடினால் அங்கே 25 வாட் சூடு உண்டாகும். 100 ஆம்பியர் ஓடினால் 50 வாட் அல்ல, 100 வாட்! மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பழைய 100 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்குத் தெரியும் அது எப்படிச் சுடும் என்று. அந்தச் சூடு முழுவதும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் இரவு பகலாக இருந்தால் என்ன ஆகும்? ரப்பர் உறை கருகும். கருகினால் இணைப்பு இன்னும் தளரும். தளர்ந்தால் சூடு இன்னும் ஏறும். இத்தனை நடந்தும் எம்.சி.பி. விழாமல் சும்மா இருக்கும். அதன் கணக்குப்படி எல்லாம் சரி.

இணைப்பு ஏன் தளர்கிறது? பகலில் சுமை ஏறிச் சூடாகி விரியும். இரவில் குளிர்ந்து சுருங்கும். இயந்திரங்களின் அதிர்வு வேறு. அலுமினியக் கம்பியைச் செம்பு முனையில் சரியான லக் போடாமல் மாட்டுவதும் உண்டு. மும்பை போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று அரிப்பதும் உண்டு. யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. காலம் போனாலே போதும்.

எவர்சில்வர் டம்ளர் சொன்ன பொய்

2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தானே–பேலாப்பூர் சாலையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்குள் முதல் முறையாக வெப்பக் காமிரா வந்தது. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் சோதனைக்கு ஆள் அனுப்பியிருந்தது. மராட்டிய இளைஞர். எங்கள் பக்கத்திலிருந்து அவருடன் போனவர் மூத்த வயர்மேன். திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர். முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே வேலை. தமிழர், மராட்டியர், மலையாளி எல்லோருக்குமே அவர் 'அண்ணாச்சி'தான். பேனல் எண்களை எழுதிக்கொள்ள என்னையும் அனுப்பினார்கள்.

அண்ணாச்சிக்கு முதலில் அந்தக் கருவி மேல் நம்பிக்கை இல்லை. தேநீர் வேளையில் அவருடைய எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ இருந்தது. காமிராவில் பார்த்தால் டம்ளர் சுவரைப் போலக் குளிர்ந்து காட்டியது. "பாத்தியா தம்பி, டீ சூட்டையே கண்டுபிடிக்கத் தெரியல. இது பேனலை என்னத்தப் பாக்கும்?" என்று சிரித்தார்.

அந்த இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து டம்ளரில் ஒட்டினார். மறுபடி பார்த்தபோது டேப் ஒட்டிய இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. 70 டிகிரிக்கு மேல்! பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவதில் கஞ்சன். கண்ணாடியைப் போல எதிரே இருப்பவரின் சூட்டைத்தான் அது திருப்பிக் காட்டும். டேப், பெயிண்ட், ரப்பர், மனிதத் தோல் போன்றவை தாராளமாக வெளியிடும். ஆகவே பளபளக்கும் செம்புப் பட்டையை நேரடியாகக் காமிராவில் பார்த்து 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்று எழுதுகிறவர் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறார், பிறரையும் ஏமாற்றுகிறார். அதன் அருகில் உள்ள ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும். அல்லது மின்சாரத்தை நிறுத்தியிருக்கும்போது முன்கூட்டியே டேப் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் நம்பிக்கை பிறந்தது. "நாங்க அந்தக் காலத்துல மூக்கை வச்சுக் கண்டுபிடிச்சோம். ரப்பர் காந்துற வாசனை வந்தா அந்தப் பேனலைத் திறப்போம். இது வாசனை வாறதுக்கு முந்தியே சொல்லுது" என்றார்.

இன்னும் சில விதிகளையும் அந்த இளைஞர் சொன்னார். பேனல் கதவை மூடி வைத்துக்கொண்டு பார்த்தால் கதவின் சூடுதான் தெரியும். இயந்திரங்கள் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். சுமை நூற்றுக்கு 40 பங்காவது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வந்து பார்த்துவிட்டு 'எல்லாம் நலம்' என்று அறிக்கை கொடுப்பதில் பொருளில்லை. பாதிச் சுமையில் 10 டிகிரி கூடுதலாகத் தெரியும் இடம் முழுச் சுமையில் 30, 40 டிகிரி வரை போகலாம். மின்சாரம் ஓடும் பேனலைத் திறப்பது உயிரோடு விளையாடும் வேலை. ஆகவே பயிற்சி பெற்றவர் மட்டுமே, உரிய பாதுகாப்பு உடையோடு, தள்ளி நின்று அதைச் செய்ய வேண்டும்.

மூன்று எண்கள்

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. இன்வார்டு ரிஜிஸ்தரில் எண் போட்டு, 'பெறப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தி, தேதி எழுதியவன் நான். மொத்தம் பதினொரு இடங்கள் குறிப்பிடப்பட்டிருந்தன. பத்து இடங்கள் சிறு கோளாறு. ஒன்று மட்டும் கம்ப்ரசருக்குப் போகும் கேபிள். மூன்று பேஸ் இணைப்புகளின் சூடு வரிசையாக எழுதியிருந்தது: 94 டிகிரி, 51 டிகிரி, 49 டிகிரி.

மூன்றும் ஒரே சுமை தாங்குகிறவை. ஒரே பேனலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. மூன்று சகோதரர்களில் ஒருவனுக்கு மட்டும் காய்ச்சல் என்றால் வீட்டில் வெயில் அதிகம் என்று சொல்ல முடியாது. நோய் அவனிடம்தான். இதற்கு உலக அளவில் பலரும் பின்பற்றும் ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் உள்ள நேட்டா என்ற மின்பரிசோதனையாளர் சங்கம் வகுத்தது. ஒரே மாதிரியான, ஒரே சுமையுள்ள இரு பாகங்களுக்கு இடையே 1 முதல் 3 டிகிரி வரை வித்தியாசம் என்றால் கவனித்துப் பார்க்க வேண்டியது. 4 முதல் 15 டிகிரி என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், நேரம் பார்த்துச் சரி செய்ய வேண்டியது. 15 டிகிரிக்கு மேல் என்றால் உடனே சரி செய்ய வேண்டியது. எங்கள் அறிக்கையில் இருந்த வித்தியாசம் 43 டிகிரி.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. படம் அழகாக, மத்தாப்பு போல இருந்தது என்பதுதான் நினைவு. ஒரு பிரதி மானேஜருக்கு, ஒரு பிரதி ஸ்டோர்ஸுக்கு, ஒரு பிரதி கோப்புக்கு. என் வேலை முடிந்தது.

அண்ணாச்சி இரண்டு முறை வந்து கேட்டார். அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து புது லக் போட ஒரு மணி நேர வேலை. ஆனால் கம்ப்ரசரை நிறுத்தினால் பாதித் தொழிற்சாலை நின்றுவிடும். அனுப்ப வேண்டிய சரக்கு நிலுவையில் இருந்தது. 'இந்த ஞாயிறு நிறுத்தலாம்' என்றார்கள். பிறகு 'அடுத்த ஞாயிறு' என்றார்கள். மூன்று ஞாயிறு போயிற்று. யாரும் 'முடியாது' என்று சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார்கள்.

மே மாதம் ஒரு நாள், மாலை ஷிப்டு. வெயில் காலம், சுமை முழு அளவில். ரப்பர் காந்தும் வாசனை வந்ததும் அண்ணாச்சி கம்ப்ரசரை நிறுத்துவதற்காகப் பேனல் அருகே ஓடினார். அவர் கைப்பிடியைத் தொடுவதற்குள் உறை கருகிய கேபிள் பக்கத்துப் பேஸ் மீது சாய்ந்தது. மின்னல் வெட்டியது போல ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். அந்தக் கணத்தில்தான் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்தது.

அண்ணாச்சி பிழைத்தார். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முகத்துக் காயம் ஆறிவிட்டது. வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்க முடியாத வயர்மேனுக்கு என்ன வேலை கொடுப்பது? கேட்டில் உட்கார வைத்தார்கள். ஓராண்டில் ஊருக்குப் போய்விட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டார்கள். ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். கோப்பு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. என் முத்திரை, என் கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தன. என் மேல் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று எண்களை அன்றைக்கு நான் படித்திருந்தால், மூன்றாவது ஞாயிறு தள்ளிப்போனபோது ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கலாம். அதற்குக் குமாஸ்தாவுக்கு அதிகாரம் உண்டு.

நிறத்தை அல்ல, எண்ணைப் பாருங்கள்

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு புது ரிஜிஸ்தர் வைத்தோம். எந்த இடம், எத்தனை டிகிரி வித்தியாசம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று நான்கு கட்டங்கள். வேலை முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. சரி செய்த பிறகு அதே இடத்தை அதே சுமையில் மறுபடி படம் எடுக்க வேண்டும். சூடு இறங்கியதை அந்த இரண்டாவது படம் காட்டினால்தான் அந்த வரியை அடிக்கலாம். இப்படிச் செய்வதுதான் இத்துறையில் முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கற்றேன். இந்த அறிக்கைகளில் நிறம் ஏமாற்றும். காமிரா தன் பார்வையில் படுகிற பொருள்களில் அதிகச் சூடானதற்குச் சிவப்போ வெள்ளையோ பூசிவிடும். 30 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையே கூட நெருப்புக் கோளம் போலப் படம் வரும். அதே சமயம் உண்மையிலேயே ஆபத்தான இடம் மங்கலாகத் தெரிவதும் உண்டு. ஆகவே அலுவலகத்தில் இத்தகைய அறிக்கை உங்கள் மேஜைக்கு வந்தால் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எண்களைப் படியுங்கள். பக்கத்துப் பாகத்துக்கும் இதற்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், சோதனையின்போது சுமை எவ்வளவு என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

வேறு எங்கெல்லாம்?

தினமும் நாம் ஏறுகிற மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதன் இணைப்புகளையும் ரயில்வேயில் வெப்பக் காமிரா மூலம் சோதிக்கிறார்கள். கம்பியைத் தொட வேண்டியதில்லை, மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை என்பதுதான் வசதி. ஓடும் வண்டியின் அச்சுப் பெட்டி அளவு மீறிச் சூடாகிறதா என்று தண்டவாளத்தின் ஓரத்திலிருந்தே அறியும் கருவியும் இதே அகச்சிவப்புக் கதிரைக் கொண்டுதான் வேலை செய்கிறது. மோட்டார் பேரிங், பாய்லர் சுவர், நீராவிக் குழாய், சூரிய மின்தகடு என்று பட்டியல் நீளும்.

தீயணைப்பு வீரருக்கு இது இன்னொரு கண். புகை சூழ்ந்த அறையில் டார்ச் வெளிச்சம் பயன்படாது. ஆனால் அகச்சிவப்புக் கதிர் புகையைப் பெருமளவு ஊடுருவும். தரையில் மயங்கிக் கிடப்பவரின் உருவம் திரையில் தெரியும்.

மழைக்காலத்தில் மும்பைக் கட்டிடங்களில் சுவர் ஓதம் ஒரு தீராத தலைவலி. ஈரமான இடத்தில் நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அது மற்ற இடத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். வெப்பக் காமிராவில் அந்த ஈரம் கருநீலத் திட்டாகத் தெரியும். நீர் எந்தப் பக்கம் பரவுகிறது என்று ஊகிக்கலாம். ஆனால் ஈரம் அளக்கும் கருவியால் உறுதி செய்யாமல் சுவரை உடைக்கக் கூடாது.

இது எதைப் பார்க்காது?

சினிமாவில் காட்டுவது போல இந்தக் காமிரா சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காது. சுவரின் மேற்பரப்புச் சூட்டைத்தான் பார்க்கும். ஜன்னல் கண்ணாடி கூட இதற்குச் சுவர்தான். அதனால்தான் இதன் லென்ஸைச் சாதாரணக் கண்ணாடியில் செய்ய முடியாது. ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோய் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கொரோனா காலத்தில் வாசலில் வைத்த காமிரா தோலின் சூட்டைத்தான் பார்த்தது, கிருமியை அல்ல. காய்ச்சல் வராத நோயாளி அதைத் தாண்டித் தாராளமாகப் போயிருப்பார். மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க மாமோகிராம் எடுப்பதற்குப் பதிலாக வெப்பப் படம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மாமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

காமிரா இல்லாதவர்கள்

சாலில் ஓர் அறையில் குடியிருப்பவர் லட்ச ரூபாய்க் காமிராவுக்கு எங்கே போவார்? போக வேண்டியதில்லை. காமிரா பார்ப்பது எதையோ, அதன் அடையாளங்கள் பலவற்றை நாமே பார்க்கலாம்.

சுவிட்ச் போர்டில் அல்லது பிளக் முனையில் பழுப்பு நிறக் கறை படிந்திருக்கிறதா? இஸ்திரிப் பெட்டியோ ஹீட்டரோ ஓடும்போது 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வருகிறதா? மீன் நாற்றம் போலவோ ரப்பர் காந்துவது போலவோ வாசனை வருகிறதா? விளக்கு காரணமில்லாமல் மினுக்குகிறதா? பிளக்கைப் பிடுங்கும்போது அது கைக்குச் சுடுகிறதா? இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பொருளை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உள்ளே நீங்களாகக் கை வைக்க வேண்டாம். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் பிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மாட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

கட்டிடத்தின் கீழே மீட்டர் அறை இருக்கும். பழைய சைக்கிள், அட்டைப் பெட்டி, பெயிண்ட் டப்பா எல்லாம் அங்கேதான் கிடக்கும். சூடான ஓர் இணைப்பிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும். மாடிப்படி முழுக்கப் புகை நிறைந்துவிடும். வெளியேற வேறு வழி இருக்காது. அந்த அறையைக் காலி செய்யக் காசு வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் 2006-ம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டிடத்தில் உள்ள தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தர வேண்டும். அது தீயை அணைக்கும் சாதனங்களுக்கான சான்றிதழ். மீட்டர் அறை இணைப்புகளின் சூட்டை அது சொல்லாது. ஆகவே சொசைட்டிக் கூட்டத்தில் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்கும்போதே, "மீட்டர் அறைப் பேனலை வெப்பக் காமிரா வைத்துப் பார்த்தீர்களா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். செலவைக் கட்டிடம் முழுவதும் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை ஆகாது. கோடையில், மாலையில், எல்லா வீட்டிலும் மின்விசிறியும் ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்தால் ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கோப்பில் வைத்தால் அது தூங்கிவிடும்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேனல் பக்கம் வாசனை வந்தால் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். லாக் புத்தகத்தில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். எழுத வராவிட்டால் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுங்கள். அலுவலகத்தில் இருக்கும் குமாஸ்தாக்களே, அப்படி எழுதியது உங்கள் மேஜைக்கு வந்தால் முத்திரை குத்துவதற்கு முன் ஒரு நிமிடம் படியுங்கள்.

அண்ணாச்சி இப்போதும் பொங்கலுக்கு எனக்குப் போன் செய்வார். சென்ற முறை பேசும்போது, பேரன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறான் என்றார். "பயமாக இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வேலைக்கு எதுக்குத் தம்பி பயம்? சூடு சொல்லிக்கிட்டுத்தான் வருது. கேக்குற ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றார்.